மார்க்குக்கு மரியாதை

சென்ற ஜூன் மாதம் நம் சங்கத்தில் பத்தாவதும் பன்னிரண்டாவதும் நல்ல மார்க் வாங்கித் தேறிய குழந்தைகளுக்குப் பரிசளிப்பு விழா நடந்ததே, நினைவிருக்கும். கேடயம், சால்வை, ஆளுக்கொரு திருக்குறள் புத்தகம், பிறகு கேசரியும் போண்டாவும். அந்தப் போண்டா வரிசையில்தான் அன்பர் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். மேடையில் அப்போதுதான் கேடயம் வாங்கிய பெண்ணின் தகப்பனார்.

"சார், நீங்க யுனிவர்சிட்டியில ஸ்காலர்ஷிப் செக்‌ஷன்ல இருந்தவர். நீங்களே பதில் சொல்லுங்க. என் பொண்ணு தொண்ணூத்தேழரை பர்சென்ட். வெளியில ஒரு பிரைவேட் யுனிவர்சிட்டி ட்யூஷன் ஃபீஸ் முழுசையும் தள்ளுபடி பண்றேன், வாம்மா வாம்மான்னு கூப்பிடறான். நம்ம அரசாங்க யுனிவர்சிட்டி மட்டும் க்யூவில நில்லுங்கறது. ஒரு ரூபா கொடுக்க வேண்டாமா? மார்க்குக்கு மரியாதை வேண்டாமா?"

வாயில் பாதிப் போண்டா. "எழுதுகிறேன்" என்று சொல்லித் தப்பித்தேன். எனக்குப் பின்னால் தட்டோடு நின்றவர் நம் மலரின் ஆசிரியர். அப்புறம் எங்கே தப்பிப்பது?

தில்லியில் ஒரு பல்கலைக்கழகத்தில் 1977 முதல் 2015 வரை வேலை பார்த்தேன். அதில் 21 ஆண்டு உதவித்தொகைப் பிரிவில். குமாஸ்தாவாகப் போய் உட்கார்ந்து செக்‌ஷன் ஆபீசராக எழுந்தேன். எத்தனை ஆயிரம் விண்ணப்பங்கள் என் மேஜையைக் கடந்தன என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. ஆகவே இந்த விஷயத்தில் எனக்குச் சொல்ல ஏதோ இருக்கிறது என்று அன்பர் நினைத்ததில் தவறில்லை.

முதலில் என் கதை. மார்க்குக்குப் பணம் கொடுப்பதை நான் எதிர்ப்பவன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

என் தகப்பனார் கரோல்பாகில் ஒரு மெஸ்ஸில் சமையல் வேலை பார்த்தார். நான் தமிழ்ப் பள்ளியில் படித்து 1972-இல் பி.காம். சேர்ந்தேன். முதலாண்டுப் பரீட்சையில் கல்லூரியில் இரண்டாவதாக வந்தேன். மாதம் 60 ரூபாய் என்று நோட்டீஸ் போர்டில் பெயர் போட்டார்கள். எந்தச் சான்றிதழும் கேட்கவில்லை. அப்பா என்ன சம்பாதிக்கிறார், வீட்டில் எத்தனை பேர், சொந்த நிலம் உண்டா என்று யாரும் விசாரிக்கவில்லை. அப்பா அந்த முதல் தவணையை ஒரு கவரில் போட்டு, மெஸ்ஸுக்குச் சாப்பிட வந்த ஆபீசர்களிடம் காட்டினார். அதற்கு முன் அவர் எனக்காக ஒரு ஃபீஸ் சலுகை விண்ணப்பம் எழுதி, கையெழுத்துக்காக ஒரு அதிகாரி வீட்டு வாசலில் மூன்று நாள் நின்றிருக்கிறார். அதை யாரிடமும் சொன்னதில்லை. இரண்டும் பணம்தான். ஒன்றைக் காட்டினார், மற்றதை மறைத்தார். ஏழைக்கு உதவுவதுதான் நியாயம், கெட்டிக்காரனுக்குப் பரிசு எதற்கு என்று கருத்தரங்குகளில் பேசுகிறவர்கள் இந்த வித்தியாசத்தை யோசிப்பதில்லை.

ஆனாலும் அன்பரின் கேள்விக்கு வருகிறேன். தனியார் பல்கலைக்கழகம் ஏன் வாம்மா என்கிறது? அவர்களுக்கு அது விளம்பரச் செலவு. நெடுஞ்சாலை ஓரத்துப் பலகையில் அந்தப் பெண்ணின் படத்தைப் போட்டால் கட்டணம் கட்டிப் படிக்கும் நூறு பேர் வருவார்கள். அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு அந்தத் தேவை கிடையாது. 2021-இல் தில்லிப் பல்கலைக்கழகத்துக் கல்லூரிகள் சிலவற்றில் முதல் பட்டியலே 100-க்கு 100 கேட்டது. மறு ஆண்டிலிருந்து பொது நுழைவுத் தேர்வு வந்தது. பன்னிரண்டாவது மார்க்குக்கு அங்கே முன்பிருந்த மதிப்பு இப்போது இல்லை. போதாததற்கு, அங்கே சேரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஏற்கெனவே ஓர் உதவித்தொகை போய்க்கொண்டுதான் இருக்கிறது. கட்டும் கட்டணத்தைவிடப் பல மடங்கு அரசாங்கம் செலவழிக்கிறது. அது நாம் கட்டும் வரி.

அரசாங்கம் மார்க்குக்குத் தனியாக எதுவும் தருவதில்லை என்பதும் சரியல்ல. தேசியத் திறனறித் தேர்வு பிறந்த ஊரே நம் தில்லி. 1963-இல் இங்கே மட்டும் 10 மாணவர்களுடன் தொடங்கி, அடுத்த ஆண்டு நாடு முழுவதும் 350 ஆயிற்று. பின்னாளில் 2,000 பேர் வரை போனது. பதினொன்று, பன்னிரண்டில் மாதம் 1,250 ரூபாய், கல்லூரியில் 2,000. 2021-க்குப் பிறகு அதை நிறுத்தி வைத்துவிட்டார்கள். அறிவியல் படிப்பவர்களுக்கு 1999-இல் வந்த கே.வி.பி.ஒய். என்ற திட்டமும் 2022-இல் இன்ஸ்பயர் திட்டத்தோடு கலந்துவிட்டது. இன்ஸ்பயர் 2008-இல் தொடங்கியது. தங்கள் போர்டில் முதல் ஒரு சதவீதத்துக்குள் வந்து, அடிப்படை அறிவியல் படிப்பவர்களுக்கு ஆண்டுக்கு 80,000 ரூபாய் என்று வைத்தார்கள். வருமான வரம்பு கிடையாது. நம் பிள்ளைகளோ கம்ப்யூட்டர் அல்லது காமர்ஸ். பௌதிகம் படிக்க வைக்க எந்த அப்பா அம்மா சம்மதிக்கிறார்கள்?

மற்றவர்களுக்கு இருப்பது மத்திய அரசின் கல்லூரி உதவித்தொகை. ஆண்டுதோறும் புதிதாக 82,000 பேருக்கு. பட்டப் படிப்புக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய். தங்கள் போர்டில் முதல் 20 சதவீதத்துக்குள் வர வேண்டும்; குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். அதாவது மாதம் 1,000 ரூபாய். இன்றைய தில்லியில் வாடகைக்கு ஒரு கட்டில் எடுத்துத் தங்கும் பிள்ளைக்கு இது எத்தனை நாள் சாப்பாட்டுக்குக் காணும் என்று வீட்டம்மாக்களைக் கேட்டால் தெரியும்.

நாலரை லட்சம் என்ற கோடு நம்மவர்களுக்கு இன்னொரு சங்கடம். சம்பளக்காரரின் வருமானம் படிவம் 16-இல் பைசா சுத்தமாகத் தெரிந்துவிடும். கடை வைத்திருப்பவர் எவ்வளவு என்று எழுதினால் அவ்வளவு. கோட்டுக்குப் பத்தாயிரம் மேலே போன குமாஸ்தாவின் மகளுக்கு ஒன்றும் கிடையாது. ஊர்ப் பக்கம் திரும்பினால், புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன், பொறியியல் மருத்துவத்தில் 7.5 சதவீத இடம் எல்லாம் தமிழ்நாட்டில் படித்த பிள்ளைகளுக்கு. அது அவர்கள் ஊர், அவர்கள் வரி. குறை சொல்ல மாட்டேன். நடுவில் நிற்பவர்கள் நாம் என்பதை மட்டும் சொல்கிறேன். இப்படிப்பட்டவர்களுக்கு, யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்காத மார்க் உதவித்தொகை ஒன்றுதான் திறந்த கதவு.

அப்படியானால் அள்ளிக் கொடுக்கச் சொல்ல வேண்டியதுதானே என்பீர்கள். இங்கேதான் எனக்குத் தயக்கம்.

கணித மேதை ராமானுஜன் கதை நம் எல்லாருக்கும் தெரியும். அதில் உதவித்தொகைக் கணக்கை மட்டும் தனியே எடுத்துப் பாருங்கள். 1904-இல் கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் கணக்குக்குப் பரிசு வாங்கினார். அங்கேயே அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு இடம் கிடைத்தது. கணக்கைத் தவிர வேறு பாடத்தைத் தொடவில்லை. ஆங்கிலத்தில் தவறினார். உதவித்தொகை போயிற்று. 1905-இல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்குப் போய்விட்டார். பிறகு சென்னையில் பச்சையப்பன் கல்லூரி; அங்கேயும் எஃப்.ஏ. தேறவில்லை. நெல்லூரில் கலெக்டராக இருந்த ராமச்சந்திர ராவ் சொந்தப் பையிலிருந்து மாதாமாதம் கொடுத்து வந்தார். 1912-இல் துறைமுக ஆபீசில் 30 ரூபாய்க் குமாஸ்தா வேலை. மறு ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. பட்டம் எதுவும் இல்லாதவருக்கு, வாங்கிய சம்பளத்தைப் போல் இரண்டரை மடங்கு! பொதுப் பல்கலைக்கழகம் ஒன்று திறமைக்குத் தாராளமாகக் கொடுத்ததற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அதற்காக விதியைச் சற்றுத் தள்ளி வைத்தார்கள். விதிப்படி நடந்த முதல் உதவித்தொகை, அதே பையனை வீதிக்கு அனுப்பியது.

என் மேஜையிலும் விதி இருந்தது. அந்தக் கதையை இதுவரை எழுதியதில்லை.

1994. கணிதம் ஆனர்ஸ் படித்த ஒரு பெண். முனிர்காவில் குடியிருப்பு. அம்மா கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வந்து ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் வீட்டு வேலை செய்பவர். அப்பா கட்டட வேலை. முதலாண்டில் அவள் கல்லூரியிலேயே முதலாவதாக வந்தாள். மாதம் 250 ரூபாய் வீதம் 10 மாதத்துக்கு உதவித்தொகை. விண்ணப்பம் என்னிடம் வந்தது. மார்க் ஷீட்டில் நம் வழக்கப்படி இனிஷியல் முன்னால், பெயர் பின்னால். பாங்க் பாஸ்புக்கில் அப்படி இல்லை. கவுன்டரில் இருந்தவர் "சர்நேம் க்யா ஹை?" என்று கேட்டிருக்கிறார். அவள் அப்பா பெயரைச் சொல்ல, அதைப் பெயருக்குப் பின்னால் முழுசாகச் சேர்த்துவிட்டார். தில்லியில் நம் வீடுகளில் இந்தக் கூத்து நடக்காத வீடு எது?

இரண்டும் ஒரே ஆள் என்பது அந்த ஆபீசில் வேறு யாருக்கும் தெரியாமல் இருக்கலாம். எனக்குத் தெரியும். நான் தமிழன். என் பெயரே பி.எஃப். கணக்கில் ஒரு மாதிரியும் ரேஷன் கார்டில் வேறு மாதிரியும் இருந்தது. ஆனாலும் முந்தின ஆண்டு ஆடிட்டில் இப்படி ஒரு கேஸில் என் பெயரை எழுதி விளக்கம் கேட்டிருந்தார்கள். பயம். "பெயர் வேறுபாடு, பிரமாணப் பத்திரம் இணைக்கவும்" என்று குறிப்பு எழுதித் திருப்பி அனுப்பினேன்.

பிரமாணப் பத்திரம் என்றால் கோர்ட் வாசல், நோட்டரி, ஸ்டாம்ப் பேப்பர். அம்மாவுக்கு ஒரு நாள் வேலை போயிற்று. முதல் தடவை கொண்டு வந்ததில் அப்பா கையெழுத்து விட்டுப்போயிருந்தது. இரண்டாம் தடவை வந்தபோது நான் மைத்துனன் கல்யாணத்துக்குத் திருச்சி போயிருந்தேன். நான் திரும்பி வந்து கோப்பை மேலே அனுப்புவதற்குள் மார்ச் 31 தாண்டிவிட்டது. அந்த ஆண்டுப் பணம் காலாவதி. மறுபடி ஒப்புதல் வாங்கி அக்டோபரில் செக் தயாரானது. 2,500 ரூபாய். கல்லூரிக்கு அனுப்பினோம். "மாணவி கல்லூரியை விட்டு விலகிவிட்டார்" என்று திரும்பி வந்தது. ஆறு மாதம் என் அலமாரியில் இருந்தது. பிறகு செக்கின் குறுக்கே சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டு ரத்து செய்தவனும் நான்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மலை மந்திர் வாசலில் அந்த அம்மாவைப் பார்த்தேன். அடையாளம் கண்டுகொண்டது அவர்தான். பெண் ஓக்லாவில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் சேர்ந்துவிட்டாளாம். "எப்படியும் காசு வரும் வரும்னுதான் இருந்துச்சு சார். அதை நம்பி வட்டிக்கு வாங்கிட்டோம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. என் பெண்டாட்டி பக்கத்தில் நின்றாள். யார் என்று கேட்டாள். ஆபீஸ் விஷயம் என்று சொல்லிவிட்டேன்.

அந்தப் பெண்ணுக்குத் தேவைப்பட்டது பெரிய தொகை அல்ல. ஆகஸ்டில் வர வேண்டியது ஆகஸ்டில் வந்திருந்தால் போதும்.

இனி அன்பரின் மகளுக்கு வருகிறேன். கெட்டிக்காரப் பெண். கடிதத்தை என்னிடம் கொடுத்து "அங்கிள், சின்ன எழுத்தில இருக்கறதையும் படிங்க" என்றாள். படித்தேன். ஒவ்வொரு செமஸ்டரிலும் பத்துக்கு எட்டரை கிரேடு வாங்க வேண்டும். குறைந்தால் தள்ளுபடி போய்விடும். கட்டணம் ஆண்டுக்கு லட்சங்களில். அதைச் சுட்டிக் காட்டினேன். தகப்பனார், "என் பொண்ணு எட்டரைக்குக் குறையவா வாங்குவா?" என்றார். அங்கேயே பொருளாதாரம் சேர்ந்தாள்.

ஜனவரியில் ரிசல்ட் வந்தது. 8.6. அன்பர் இப்போது மகளின் கிரேடைச் சர்க்கரை ரிப்போர்ட் போலப் பார்க்கிறார். இரண்டாம் செமஸ்டரில் கணிதம் கலந்த ஒரு விருப்பப் பாடம் எடுக்க அவளுக்கு ஆசையாம். சீனியர்கள் அதில் கிரேடு அடிபடும் என்றார்களாம். விட்டுவிட்டு வேறொரு சுலபமான பாடம் எடுத்துக்கொண்டாள். "ரிஸ்க் வேண்டாம்னு பாத்தேன் அங்கிள்" என்றாள். மார்க்குக்காகக் கொடுத்த பணம், படிக்க ஆசைப்பட்ட பாடத்தைப் படிக்கவிடாமல் செய்துவிட்டது.

அட்லாண்டாவில் இருக்கும் என் தங்கை பையனிடம் இதைச் சொன்னேன். அங்கே இது பழைய கதை என்றான். ஜார்ஜியா மாநிலத்தில் 1993 முதல் 'ஹோப்' என்றொரு உதவித்தொகை. பள்ளியில் சராசரி பி கிரேடு வாங்கிய உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு அரசுப் பல்கலைக்கழகத்தில் கட்டணம் இல்லை. முதலில் குடும்ப வருமானத்துக்கு வரம்பு வைத்து, 1995-இல் அதை எடுத்துவிட்டார்கள். கிரேடு குறைந்தால் பணம் போகும் என்பதால் மாணவர்கள் கடினமான வகுப்புகளிலிருந்து பாதியில் விலகுவதை அங்கே ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். பணம் பெரும்பாலும் எப்படியும் கல்லூரி போயிருக்கக்கூடிய குடும்பங்களுக்கே போகிறது என்பதும் பழைய குற்றச்சாட்டு. பணம் வருவதோ லாட்டரியிலிருந்து. சீட்டு வாங்குபவர்களில் ஏழைகள் நிறையப் பேர். 2011-இல் லாட்டரிப் பணம் போதாமல் போனபோது, உச்சத்தில் இருந்தவர்களுக்கு மட்டும் முழுக் கட்டணத்தையும் வைத்துக்கொண்டு மற்றவர்களுக்குக் குறைத்தார்கள். முழுதாகத் திருப்பிக் கொடுக்க 2023 ஆயிற்று. இன்னொரு பக்கமும் உண்டு. கெட்டிக்காரப் பிள்ளைகள் வேறு மாநிலம் போகாமல் அங்கேயே தங்கினார்கள். அதை நான் மறைக்கக் கூடாது. நம் அன்பரின் பெண்ணை அரசாங்கக் கல்லூரி இழந்ததும் நிஜம்தான். அவள் உட்கார்ந்திருந்தால் அந்த வகுப்புக்கே நல்லது.

இருந்தாலும் என்னைக் கேட்டால், அவளைப் பிடித்து வைக்க லட்சம் லட்சமாகக் கொடுக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். அந்த ஒரு லட்சத்தில் முனிர்காப் பெண்கள் எத்தனையோ பேருக்கு வழி பிறக்கும். ஐ.ஐ.டி.களில் 2016-இல் கட்டணத்தை ஆண்டுக்கு 2 லட்சமாக ஏற்றியபோது, ஒரு லட்சத்துக்குக் குறைந்த வருமானக் குடும்பத்துக்கு முழுத் தள்ளுபடி, ஐந்து லட்சம் வரை மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி என்றார்கள். அங்கே எல்லாருமே முதல் வரிசைப் பிள்ளைகள். ஆகவே மார்க்கைப் பார்க்காமல் வீட்டைப் பார்த்தார்கள். அது சரி.

ஆனால் மார்க் உதவித்தொகையை ஒழிக்கச் சொல்லவும் எனக்கு மனம் வராது, அப்பாவின் கவரை நினைத்தால். கொடுக்கட்டும். நுழையும்போது அல்ல, ஓராண்டு அங்கே படித்த பிறகு, அங்கே வாங்கிய மார்க்கைப் பார்த்து. ஒருவருக்கு லட்சம் என்றில்லாமல் துறைக்கு நாலைந்து பேருக்கு, விடுதி வாடகைக்கும் மெஸ் பில்லுக்கும் காணும் அளவுக்கு. வருமானச் சான்று கேட்காமல். கொடுத்ததை ஒரு பேப்பரில் சறுக்கினால் பிடுங்காமல். ஆராய்ச்சிக்கு வருபவர்களுக்கு மட்டும் கை நீட்டித் தாராளமாகக் கொடுக்கலாம். 75 ரூபாய் கொடுத்த மாதிரி. 2023-இல் யு.ஜி.சி. முதுகலைக்கு மாதம் 15,000 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 10 மாதம் தரும் திட்டம் கொண்டு வந்தது. பட்டப் படிப்பு மார்க்கை வைத்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். தொகையும் முறையும் எனக்குப் பிடித்திருக்கிறது. வங்கிக் கணக்குக்கு எந்த மாதம் வந்து சேர்கிறது என்பதுதான் என் கவலை. பழைய செக்‌ஷன் ஆபீசர் புத்தி.

பெரிய பல்கலைக்கழகங்களுக்கு நான் சொல்லி என்ன ஆகப் போகிறது என்று நினைத்துச் சங்கத்தில் ஒரு யோசனை சொன்னேன். கேடயம் வாங்கும் பணத்தில் பாதியை எடுத்துவைத்து, உதவித்தொகை ஒப்புதலாகிப் பணம் வராமல் காத்திருக்கும் பிள்ளைகளுக்குக் கைமாற்றாகக் கொடுக்கலாம். வந்ததும் திருப்பிக் கட்டட்டும். செயற்குழுவில் இரண்டு பேர் ஆதரித்தார்கள். மூன்று பேர் கேடயம் இல்லாவிட்டால் விழாவுக்குக் கூட்டம் வராது என்றார்கள். அதுவும் உண்மைதான். அடுத்த கூட்டத்தில் மறுபடி எடுத்துக்கொள்வதாகச் செயலாளர் சொல்லியிருக்கிறார்.

அதுவரை ஒன்று செய்யலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் காலை 10 முதல் 12 வரை சங்க நூலகத்தில் இருப்பேன். தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பம் போடுவதற்கும், ஏற்கெனவே வாங்குபவர்கள் ஆண்டுதோறும் புதுப்பிப்பதற்கும் உதவி செய்கிறேன். கம்ப்யூட்டரை என் பேத்தி பார்த்துக்கொள்வாள். வரும்போது மார்க் ஷீட், பாஸ்புக், ஆதார் மூன்றையும் கொண்டு வாருங்கள். வீட்டைவிட்டுக் கிளம்பும் முன் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெயர் எழுத்துக்கு எழுத்து ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இனிஷியலையும் சேர்த்து.